பழைய வெள்ளி முலாம் கரண்டியில் முத்திரையும் குலச்சின்னமும் புரியவில்லையா? அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

குன்னூர்ப் பக்கத்துப் பழைய தோட்ட பங்களாக்களிலிருந்து வரும் சாமான்களைப் பிரித்து, சரிசெய்து, விற்பது என் தொழில். பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய மரப்பெட்டிகளில் கரண்டிகளும் முள்கரண்டிகளும் கத்திகளும் மாதம் தவறாமல் வருகின்றன. கொண்டுவருபவர்கள் கேட்கும் கேள்விகளும் மாறுவதில்லை. இது வெள்ளியா? யார் செய்தது? மேலே இருக்கும் சிங்கம் எந்த ராஜாவுடையது? பெட்டிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலோ பர்மிங்காமிலோ செய்யப்பட்ட வெள்ளி முலாம் பொருள்கள். ஒரே குழப்பங்கள் திரும்பத் திரும்ப வருவதால், ஒவ்வொன்றையும் நான் எந்த வரிசையில் பார்க்கிறேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். படித்து முடிக்கும்வரை துலக்காதீர்கள். புளி, திருநீறு, சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். வீட்டு வெள்ளி விளக்கு திருநீற்றுக்குத் தாங்கும், ஏனென்றால் அது உள்ளும் புறமும் வெள்ளி. முலாம் பூசிய கரண்டியில் வெள்ளி மேல்தோல் மட்டுமே. வாங்கிய குடும்பம் செதுக்கவைத்த குலச்சின்னத்தின் கோடுகளோ அந்தத் தோலில் கீறிய கீறல்கள். "உங்களிடம் காட்டவேண்டுமே என்று நேற்றுதான் பளபளவென்று தேய்த்தேன்" என்று சொல்லிக் கொண்டுவந்த கரண்டிகளில் பாதிச் சின்னம் வழுக்கையாகிப் போயிருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். இருண்டு கறுத்த கரண்டியைப் படிப்பதே சுலபம். கீறல்களுக்குள் கறுப்பு தங்கி, கோட்டை எடுத்துக்காட்டும்.

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் (நகைக்கடையில் லூப் என்பார்கள்), டார்ச், மென்மையான பென்சில், மெல்லிய தாள், பிள்ளைகள் விளையாடும் களிமண், ஒரு காந்தம்.

அறிகுறி 1: முத்திரை இருப்பது தெரிகிறது, எழுத்து தெரியவில்லை

இடம் தவறா? கரண்டியிலும் முள்கரண்டியிலும் முத்திரை பெரும்பாலும் தண்டின் பின்புறம் இருக்கும். கத்தியில் அலகின் அடியில், கைப்பிடிக்கு அருகே பாருங்கள். கைப்பிடியும் அலகும் சேரும் இடத்தில் ஒரு வளையம் இருந்தால் அதையும் பாருங்கள்; ஆனால் அதை நம்பி முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அந்த வளையம் மட்டும் அசல் வெள்ளியாக, அரசு முத்திரையோடு இருக்கலாம். மற்றதெல்லாம் முலாமாக இருக்கலாம். வளையத்து முத்திரையைப் படித்துவிட்டு முழுப் பெட்டியையும் வெள்ளி என்று நம்பியவர்கள் உண்டு.

அழுக்கா? வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு சோப்பு, பழைய மெல்லிய பல்துலக்கி. அவ்வளவு போதும். கத்தியை மட்டும் நீரில் ஊறப்போடக் கூடாது. பொள்ளலான கைப்பிடிக்குள் கீல் போன்ற பிசினை நிரப்பி அலகைப் பொருத்தியிருப்பார்கள். சூடான நீரில் அது இளகி, அலகு கையோடு வந்துவிடும். அலுமினியத் தகடும் சோடா உப்பும் போட்டுக் கொதிநீரில் அமிழ்த்தும் வழி கத்திக்குக் கூடாது என்பதும் இதனால்தான்.

வெளிச்சமா? மேலிருந்து அடிக்கும் விளக்கு எழுத்தைத் தின்றுவிடும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கரண்டியின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் ஒளி வருமாறு பிடியுங்கள். மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் எழுத்து எழுந்து நிற்கும். அப்போது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் தெரியவில்லையா? மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். அல்லது முகப்பவுடரை விரல்நுனியால் தடவித் துடையுங்கள்; பள்ளத்தில் வெள்ளை தங்கும். கடைசியாகக் களிமண்ணை அழுத்தி அச்சு எடுங்கள். அச்சில் எல்லாம் இடவலமாக மாறியிருக்கும். படம் எடுத்துத் திருப்பிப் பார்க்க மறந்துவிடாதீர்கள்; இந்த மறதியால் வரும் ஒரு குழப்பத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முத்திரையின் ஓரங்கள் உருகிய மெழுகுபோல் மழுங்கியிருந்தால், அந்தப் பொருளைத் தேய்த்து மெருகேற்றி மறுபடி முலாம் பூசியிருக்கிறார்கள். இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். இதற்கு நிபுணர் கட்டணம் கொடுப்பது வீண். தேய்ந்துபோன எழுத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பெட்டியில் உள்ள மற்ற கரண்டிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பன்னிரண்டில் ஒன்றாவது குறைவாகத் தேய்ந்திருக்கும். பரிமாறும் பெரிய கரண்டி அதிகம் புழங்கியிருக்காது என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி 2: வரிசையாக மூன்று நான்கு சிறு கட்டங்கள், உள்ளே எழுத்தும் சின்னமும்

அதிகம் ஏமாற்றும் அறிகுறி இது. இங்கிலாந்தின் அசல் வெள்ளி முத்திரை இப்படித்தான் வரிசையாக இருக்கும். முலாம் செய்தவர்களும் பார்வைக்கு அப்படியே தோன்றட்டும் என்று தங்கள் முத்திரைகளை வரிசையாகக் கட்டங்களில் அடித்தார்கள்.

முதல் சோதனை: நடக்கும் சிங்கம் இருக்கிறதா? இடப்பக்கம் பார்த்து, ஒரு முன்னங்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இங்கிலாந்தில் 92.5 சதவீத வெள்ளிக்கு உரிய குறி. அதோடு நகர முத்திரை இருக்கவேண்டும்: பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. கூடவே ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து, செய்தவரின் பெயரெழுத்துகள். 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலையும் இருக்கும். சிங்கமும் நகரமும் ஆண்டெழுத்தும் ஒன்றாக இருந்தால் அது வெள்ளியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சிங்கம் இல்லையா? கட்டங்களுக்குள் உள்ள எழுத்துகளைச் சேர்த்துப் படியுங்கள். சுருள் சுருளான பழைய எழுத்து வடிவத்தில் ஈ, பி, என், எஸ் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஓரெழுத்து இருக்கக்கூடும். ஈபிஎன்எஸ் என்றால் நிக்கல் சில்வர் மீது மின்முலாம். நிக்கல் சில்வரும் நம் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்று விற்பதும் ஒரே வகைதான்: செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. பெயரில் சில்வர் உண்டு, உள்ளே வெள்ளி துளியும் இல்லை. ஈபிபிஎம் என்றால் பிரிட்டானியா உலோகத்தின் மீது முலாம். அது ஈயம்போல் மென்மையான வெள்ளீயக் கலவை. ஈபி மட்டும் இருந்தாலும் முலாமே. ஏ1 என்பது முலாம் தரத்துக்கு அந்தந்தக் கம்பெனி கொடுத்துக்கொண்ட பெயர். எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் அல்ல.

கிரீடம் மட்டும் இருக்கிறதா? ஷெஃபீல்டின் வெள்ளி என்று முடிவு கட்டாதீர்கள். மின்முலாமைத் தொழிலாக வளர்த்த பர்மிங்காமின் எல்கிங்டன் கம்பெனியே பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன் முலாம் முத்திரைக்கு மேல் கிரீடம் வைத்துக்கொண்டிருந்தது.

'நெவாடா சில்வர்' என்ற பெயரும் வரும். பர்மிங்காமின் டேனியல் அண்ட் ஆர்ட்டர் கம்பெனி விற்ற கலவை அது. அசல் முத்திரைபோல் தோன்றும் வரிசையோடு வருவதால் பலரைத் திணறடிக்கிறது. ஒரு பெயரோடு சில்வர் ஒட்டியிருந்தாலே சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது சோதனை, தேய்ந்த இடம். கரண்டியைக் கவிழ்த்துவைத்தால் மேசையில் படும் முதுகுப்பகுதி, முள்ளின் நுனி ஆகிய இரண்டையும் லென்ஸில் பாருங்கள். மங்கிய மஞ்சள் தெரிந்தால் அடியில் நிக்கல் சில்வர். ஈயச்சாம்பல் தெரிந்தால் பிரிட்டானியா உலோகம். செம்மை தெரிந்தால் செம்பு. நிறமே மாறவில்லை என்றால்தான் வெள்ளி என்ற பேச்சுக்கே இடம்.

காந்தம் இங்கே அதிகம் உதவாது. வெள்ளியும் ஒட்டாது, நிக்கல் சில்வரும் ஒட்டாது. ஒட்டினால் அடியில் இரும்பு என்று மட்டும் தெரியும்.

நகைக்கடைக்கு எப்போது போவது? சிங்கம், நகரம், ஆண்டெழுத்து மூன்றும் இருந்து, தேய்ந்த இடத்திலும் நிறம் மாறாதிருந்தால் போகலாம். எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உரைகல்லில் தேய்க்கவோ அமிலம் விடவோ சம்மதிக்காதீர்கள். கருவியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அது மேல்பரப்பைத்தான் படிக்கும். கனமான முலாமின் நடுவில் வைத்தால் வெள்ளி என்றே காட்டும். தேய்ந்த முதுகில் ஒருமுறையும் தண்டின் நடுவில் ஒருமுறையும் வைக்கச் சொல்லி, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

அறிகுறி 3: எழுத்து இல்லை, எண் மட்டும் இருக்கிறது

*90 என்று இருக்கிறது.* 90 சதவீத வெள்ளி என்று நினைத்துவிடுவார்கள். இல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளின் முலாமில் இந்த எண், பன்னிரண்டு மேசைக்கரண்டி, பன்னிரண்டு முள்கரண்டி ஆகிய 24 உருப்படிக்கும் சேர்த்துச் செலவான வெள்ளியின் கிராம் கணக்கு. 90 என்றால் இருபத்துநான்குக்கும் சேர்த்து 90 கிராம். ஜெர்மனியின் டபிள்யூஎம்எஃப் பொருள்களில் இதை அதிகம் பார்க்கலாம்.

*800 என்று இருக்கிறது.* இது வேறு கதை. ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி. ஜெர்மனியின் அசல் வெள்ளி. 1888க்குப் பிறகு செய்ததானால் எண்ணுக்குப் பக்கத்திலேயே பிறைநிலவும் கிரீடமும் இருக்கவேண்டும். அவை இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம், உங்கள் கையில் இருப்பது முலாம் அல்ல.

*84 என்று இருக்கிறது.* இங்கேதான் நிதானம் தேவை. பிரெஞ்சு முலாமில் 84 என்பது மேலே சொன்ன கிராம் கணக்காக இருக்கலாம். பழைய ரஷ்யாவில் 84 என்பது ஆயிரத்தில் 875 பங்கு அசல் வெள்ளி. எப்படிப் பிரிப்பது? செய்தவரின் முத்திரை வடிவத்தைப் பாருங்கள். பிரெஞ்சு வழக்கத்தில் அசல் வெள்ளி செய்தவரின் முத்திரை சாய்சதுரத்துக்குள் இருக்கும். முலாம் செய்தவரின் முத்திரை நேர்ச்சதுரத்துக்குள் அல்லது செவ்வகத்துக்குள் இருக்கும். பாரிஸின் கிறிஸ்டோஃப்ள் கம்பெனி முத்திரையில் தராசுச் சின்னத்தைக் காணலாம். மாறாக 84க்குப் பக்கத்தில் தலையணி அணிந்த பெண்ணின் பக்கவாட்டு முகமோ ரஷ்ய எழுத்துகளோ இருந்தால், உடனே துணியில் சுற்றி வைத்துவிட்டு ஏலநிறுவன நிபுணரிடம் காட்டுங்கள்.

*1847 அல்லது 1881 என்று இருக்கிறது, பக்கத்தில் ரோஜர்ஸ்.* அமெரிக்க முலாம். 1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ் என்பது முழுக்க ஒரு வணிகப் பெயர். ரோஜர்ஸ் சகோதரர்கள் முலாம் தொழில் தொடங்கிய ஆண்டு அந்தப் பெயரோடு சேர்ந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் செய்த கரண்டியிலும் அதே 1847 இருக்கும். ஆண்டு என்று நினைத்துப் பெரும் விலை கேட்பவர்களை ஒவ்வொரு முறையும் ஏமாற்றத்தோடு அனுப்பவேண்டியிருக்கிறது.

*ஆர்டி (Rd) என்ற எழுத்தோடு நீண்ட எண்.* பிரிட்டனில் வடிவமைப்பைப் பதிவு செய்த எண். 1884இல் 1 என்று தொடங்கியது. 1900ஐத் தொடும்போது மூன்றரை லட்சத்தை எட்டியிருந்தது. பதிவான ஆண்டைத்தான் இது சொல்லும். அதே வடிவத்தில் பல ஆண்டுகள் கழித்தும் செய்திருக்கலாம்.

*எண்ணுக்குப் பதிலாக மூலைகளில் எழுத்துள்ள சாய்சதுரம்.* இதுவும் வடிவமைப்புப் பதிவுதான், 1842 முதல் 1883 வரை. மேலே வட்டத்துக்குள் ரோமானிய எண் I இருந்தால் உலோக வகை. 1867 வரை ஆண்டெழுத்து மேல்மூலையில். 1868 முதல் வலமூலையில். மூலையை மாற்றிப் படித்தால் பல ஆண்டுகள் தவறிவிடும்.

அறிகுறி 4: பெயர் தெளிவாக இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் செய்தவர் யாரும் கிடைக்கவில்லை

பெரும்பாலும் காரணம் எளியது: அது விற்ற கடையின் பெயர். ஷெஃபீல்டில் செய்த பொருளின் மீது விற்பவர் பெயரை அடித்துத்தருவது வழக்கம். சென்னையின் பி. ஓர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவின் ஹாமில்டன் போன்ற கடைகளின் பெயர் இருந்தால், அங்கே வாங்கியது என்று வைத்துக்கொண்டு, செய்தவரின் சிறு முத்திரையை வேறிடத்தில் தேடுங்கள்.

அடுத்த காரணம், பெயருக்குப் பதில் படம். முக்கோணக் கொடிக்குள் இரண்டு எழுத்து என்றால் ஷெஃபீல்டின் வாக்கர் அண்ட் ஹால். கொடி தொங்கும் ஊதுகொம்பு என்றால் ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ். கத்தி அலகில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் என்றால் ஜோசஃப் ராட்ஜர்ஸ்; அமெரிக்க ரோஜர்ஸோடு இவரைக் குழப்பவேண்டாம், எழுத்துக்கூட்டிலேயே ஒரு 'டி' கூடுதல். அலகில் ஐஎக்ஸ்எல் என்றால் ஜார்ஜ் வாஸ்டன்ஹோம். அலகு செய்தவரும் கரண்டி செய்தவரும் வேறாக இருந்தால் திகைக்கவேண்டாம். அலகை ஒரு பட்டறையில் வாங்கி, கைப்பிடியை இன்னொரு பட்டறையில் பொருத்துவது ஷெஃபீல்டில் சாதாரணம்.

காலத்தைக் கணக்கிட ஒரு சிறு படிக்கட்டு வைத்திருக்கிறேன். எல்கிங்டன் மின்முலாம் காப்புரிமை பெற்றது 1840. ஈபிஎன்எஸ் என்று அடித்த கரண்டி அதற்கு முந்தியதாக இருக்கவே முடியாது, யார் எந்தப் பாட்டன் பேரைச் சொன்னாலும். எல்கிங்டன் மேசன் என்று இரு பெயர் சேர்ந்திருந்தால் 1842க்கும் 1861க்கும் இடையில். இங்கிலாந்து என்று நாட்டின் பெயர் அடித்திருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிறகு; நாட்டுப் பெயர் வேண்டும் என்று அமெரிக்கச் சுங்கச் சட்டம் கேட்டதன் விளைவு அது. அலகில் ஸ்டெயின்லெஸ் என்று இருந்தால் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த எஃகைக் கண்ட 1913க்குப் பிறகு.

அறிகுறி 5: குலச்சின்னம் தெரிகிறது, யாருடையது என்று தெரியவில்லை

செய்தவரின் முத்திரையும் குலச்சின்னமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. முத்திரை பட்டறையில் அடித்தது. சின்னம், வாங்கியவர் தனியாகக் கூலி கொடுத்துச் செதுக்கியது. பர்மிங்காம் கரண்டியில் ஸ்காட்லாந்துக் குடும்பத்தின் சின்னம் இருக்கலாம்.

முதல் கேள்வி: இது குடும்பமா, நிறுவனமா? சிறிய சின்னம், மெல்லிய கோடு, ஒவ்வொரு கரண்டியிலும் கைவேலையின் நுட்பமான வேறுபாடு இருந்தால் குடும்பம். எல்லாவற்றிலும் அச்சுப்போல ஒரே ஆழத்தில், பெயரெழுத்துகளோடு இருந்தால் ஓட்டல், கப்பல், ரயில்வே, கிளப், ராணுவ உணவகம் என்று தேடுங்கள். எம் அண்ட் எஸ்எம் என்ற எழுத்துகள் மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயைக் குறிக்கும். அந்தப் பெயர் 1908 முதல் 1951 வரைதான், ஆக ஆண்டு எல்லையும் கிடைத்துவிடுகிறது. மூன்று கோடுகளால் ஆன அம்புமுனை என்றால் பிரிட்டிஷ் அரசின் சொத்து. பக்கத்தில் உள்ள எண் இம்முறை உண்மையாகவே ஆண்டாக இருக்கலாம். பக்கிள் வைத்த வார் வட்டமாகச் சுற்றி, உள்ளே வாசகம் இருந்தால் வாசகத்தைப் படித்த பிறகே பேசுங்கள். 'ஹோனி ஸ்வா' என்று தொடங்கும் பிரெஞ்சு வாசகம் அரச குடும்பத்துக்கு மட்டும் சொந்தமல்ல. பல படைப்பிரிவுகளும் அதைப் பயன்படுத்தின. ஸ்காட்லாந்துக் குலங்களிலோ வார் வளையம், அந்தக் குலத்தைச் சேர்ந்தவர் என்பதற்கு அடையாளம். தலைவருடைய கரண்டி என்பதற்கு அல்ல.

இரண்டாவது கேள்வி: சின்னத்தின் அடியில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் முறுக்கிய துணிபோல் ஒரு பட்டை இருக்கும், ஆறு முறுக்கு. இதைக் கயிறு, மரக்கிளை, பாம்பு என்றெல்லாம் சொல்கிறார்கள். அது தலைக்கவசத்தின் மேல் சுற்றிய துணி. சின்னத்தின் பகுதியாக எண்ணவேண்டாம். அதற்குப் பதில் மூன்று இலைகள் தெரியும் சிறு கிரீடத்திலிருந்து விலங்கு எழுந்தால், கோமகன் வீட்டுப் பொருள் என்று துள்ளாதீர்கள். அது சின்னத்தின் பீடம், பட்டத்தின் அடையாளம் அல்ல. பட்டத்தைச் சொல்லும் கிரீடம் சின்னத்துக்கு மேலே அல்லது தனியாக நிற்கும், அதில் முத்துகளை எண்ணவேண்டும். நான்கு முத்து தெரிந்தால் பாரன் (baron) என்னும் பிரபுப் பட்டம். உயர்ந்த முள்களின் மேல் ஐந்து முத்து, இடையில் இலைகள் என்றால் ஏர்ல். ஐந்து இலைகள் மட்டும் என்றால் டியூக். ஒன்பது முத்து என்றால் அவை எங்கே அமர்ந்திருக்கின்றன என்று பாருங்கள்: விளிம்பிலேயே ஒட்டி வரிசையாக இருந்தால் இங்கிலாந்தின் வைகவுன்ட், ஒவ்வொன்றும் ஒரு முள்ளின் நுனியில் இருந்தால் ஐரோப்பியப் பெருநிலத்தின் கவுன்ட்.

மூன்றாவது கேள்வி: எந்தப் பக்கம் செதுக்கியிருக்கிறார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கரண்டியில் சின்னம் முன்புறம் இருக்கும். தண்டின் பின்புறத்தில் இருந்தால், முள் கீழ்நோக்கிக் கவிழ்த்துவைக்கும் பிரெஞ்சு வழக்கத்தை நினையுங்கள்; பிரிட்டிஷ் புத்தகங்களில் தேடி நாளை வீணாக்கவேண்டாம்.

நான்காவது கேள்வி, விலங்கு உண்மையில் எது? இங்கேதான் லென்ஸுக்கு வேலை. ஒருமுறை ஓர் அம்மா பன்னிரண்டு சூப் கரண்டிகள் கொண்டுவந்தார். அவருடைய தாத்தா ஒரு தேயிலைத் தோட்டத்தில் எழுத்தராக இருந்தவர். ஊருக்குத் திரும்பிய துரை கொடுத்துவிட்டுப் போனது. "கிளித் தலை" என்று மூன்று தலைமுறையாக வீட்டில் சொல்லி வந்திருக்கிறார்கள். வளைந்த மூக்கைப் பார்த்தால் கிளி என்றுதான் தோன்றும். டார்ச்சைத் தாழ்த்தியபோது உச்சந்தலையில் நெல்மணிபோல் ஒரு கூர்மை நிழல் விட்டது. காது! பறவைக்குக் காது செதுக்கமாட்டார்கள். கழுகுத் தலையில் காது இருந்தால் அது கிரிஃபின் என்னும் கற்பனை விலங்கு, கழுகும் சிங்கமும் கலந்தது. இன்னும் கீழே கழுத்து முடியும் இடத்தைப் பார்த்தேன். நேர்கோட்டில் வெட்டியிருக்கவில்லை, பிய்த்தெடுத்ததுபோல் மூன்று நாக்குகள் தொங்கின.

அந்தக் கழுத்து முடிவு அற்பமாகத் தோன்றும், ஆனால் அதுதான் குடும்பங்களைப் பிரிக்கிறது. நேராக வெட்டியதற்கு 'கூப்ட்' (couped), பிய்த்ததற்கு 'இரேஸ்ட்' (erased) என்பது சின்னக்கலையின் சொல். அதேபோல இடுப்பு வரை மட்டும் தெரியும் விலங்கு 'டெமி' (demi), பின்னங்காலில் எழுந்து நிற்பது 'ரேம்பண்ட்' (rampant), நடப்பது 'பாசண்ட்' (passant), அமர்ந்திருப்பது 'சீஜன்ட்' (sejant). இந்தச் சொற்களை ஆங்கிலத்தில் எழுதித் தேடினால்தான் பதில் வரும். 'சிங்கம் உள்ள சின்னம்' என்று தேடினால் கடலில் விழுந்ததுபோல்தான். விலங்கு வழக்கமாக நம் இடப்பக்கம் பார்க்கும். வலப்பக்கம் பார்ப்பதாகத் தோன்றினால், களிமண் அச்சைத் திருப்பாமல் பார்க்கிறீர்களா என்று சரிபாருங்கள். முன்பு சொன்ன குழப்பம் இதுதான்.

இனி தேடல். ஜேம்ஸ் ஃபேர்பேர்ன் தொகுத்த பிரிட்டிஷ், அயர்லாந்துக் குடும்பச் சின்னங்களின் நூல் பதிப்புரிமைக் காலம் கடந்தது, மின்படியாகக் கிடைக்கிறது. படப்பக்கங்களும் குடும்பப் பெயர் அகரவரிசையும் வாசகங்களின் பட்டியலும் அதில் உண்டு. கரண்டியில் லத்தீன் வாசகம் இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். மிக விரைவான வழி அது. வாசகம் இல்லையென்றால் படத்திலிருந்து பெயர்ப்பட்டியலுக்குப் போகவேண்டும்.

பட்டியல் ஒரு பெயரில் நிற்காது. இதை முன்கூட்டியே மனத்தில் கொள்ளுங்கள். பிய்த்த கழுத்துள்ள கிரிஃபின் தலைக்கு நிறையக் குடும்பங்கள் உரிமையாளர்கள். அந்த அம்மாவிடம் நீண்ட பட்டியலைக் கொடுத்துவிட்டு, "வீட்டில் தாத்தாவின் காகிதம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். இரண்டு வாரம் கழித்து, துரை கையெழுத்திட்ட நற்சான்றுக் கடிதத்தோடு வந்தார். கையெழுத்தின் குடும்பப் பெயர் பட்டியலில் இருந்தது. கரண்டி பாதி சொன்னது, காகிதம் மீதியைச் சொன்னது. பெட்டியின் மூடிக்குள், துணிக்கு அடியில், பழைய ரசீதில், தோட்டத்துக் கல்லறையில் ஒரு பெயர் கிடைக்காமல் சின்னத்தை மட்டும் வைத்து ஒரே குடும்பத்தை அடையாளம் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விற்பனையாளர் சொன்னால் இன்னும் நம்பாதீர்கள்.

எப்போது நிபுணரிடம்? முழுக் கேடயச் சின்னம் இருந்தாலோ, பட்டத்துக் கிரீடம் இருந்தாலோ, கையில் ஒரு குடும்பப் பெயர் இருந்து உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ போகலாம். இங்கிலாந்துக்கு லண்டனில் உள்ள காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ், ஸ்காட்லாந்துக்கு எடின்பரோவின் லார்டு லயன் நீதிமன்றம். கட்டணம் உண்டு. சாதாரண ஈபிஎன்எஸ் கரண்டியின் விலையைவிடக் கட்டணம் கூடுதலாக ஆகலாம் என்பதால், குடும்ப வரலாறு வேண்டுமென்றால் மட்டும் எழுதுங்கள்.

அறிகுறி 6: சின்னமும் முத்திரையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை

ஒரே பெட்டியில் இரண்டு செய்தவர்களின் முத்திரை, ஆனால் ஒரே சின்னம்: தொலைந்த கரண்டிகளுக்குப் பதில் வாங்கி அதே சின்னத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். இயல்பானது.

ஒரே முத்திரை, வெவ்வேறு சின்னம்: விற்பவர் சேர்த்துக் கட்டிய பெட்டி. விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

சின்னத்தின் இடத்தில் லேசான குழி, அதில் விரலை வைத்தால் தண்டு மெலிந்திருப்பது தெரிகிறது: பழைய சின்னத்தை அரைத்து எடுத்திருக்கிறார்கள். முலாம் பொருளில் அரைத்தால் அடி உலோகம் வெளிவந்துவிடும், ஆகவே மறுபடி முலாம் பூசியிருப்பார்கள். கோடுகள் கூர்மையாக, கறுப்பே சேராமல் புதிதாக இருந்து, மற்ற இடமெல்லாம் பழையதாக இருந்தால், சின்னம் அண்மையில் செதுக்கியது.

அறிகுறி 7: முத்திரை படித்தாயிற்று, ஆனால் முலாம் போய்த் திட்டுத்திட்டாக இருக்கிறது

மறுமுலாம் பூசலாமா என்பதுதான் கேள்வி. முதலில் அடி உலோகம். நிக்கல் சில்வர் என்றால் பூசலாம். பிரிட்டானியா உலோகம் என்றால் எல்லாப் பட்டறையும் எடுத்துக்கொள்ளாது. மென்மையானது, குறைந்த சூட்டிலேயே உருகும், நம் ஊர்ப் பற்றவைப்புச் சுடர் பட்டால் கண்ணெதிரே குழம்பாகிவிடும். பற்றவைக்கும் வேலைக்கு அதைக் கொடுக்கும் முன் ஈபிபிஎம் என்ற எழுத்தைப் பட்டறைக்காரருக்குக் காட்டுங்கள்.

அடுத்தது சின்னம். பூசுவதற்கு முன் மெருகுச் சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் சின்னம் போகும். "சின்னத்தின் மேல் சக்கரம் படக் கூடாது" என்று ரசீதில் எழுதிவாங்குங்கள். முதலில் ஒரே ஒரு கரண்டியைக் கொடுத்துப் பாருங்கள். நான் ஒரு பட்டறையில் ஆறு முள்கரண்டிகளை ஒன்றாகக் கொடுத்து, ஆறிலும் மான் தலையின் கொம்பை இழந்தேன். கண்ணாடிபோல் பளபளப்பாக வந்தன; யாருடையவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

வீட்டில் முலாம் பூச முயலவேண்டாம். பட்டறைகளில் வெள்ளி முலாமுக்குப் பயன்படுத்தும் கரைசலில் சயனைடு உண்டு. கடையில் விற்கும் தேய்த்துப் பூசும் திரவங்களும் சின்னத்தின் கோடுகளை அடைத்துவிடும்.

கத்திக் கைப்பிடி தந்தமாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் மறுமுலாமுக்கும் கொடுக்கவேண்டாம், விற்பனைக்கும் வைக்கவேண்டாம். யானைத் தந்த விற்பனை இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாட்டன் காலத்துப் பொருள் என்பது விலக்கு அல்ல. வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு மேற்கொண்டு செய்யுங்கள்.

சின்னம் நன்றாக இருந்து முலாம் மட்டும் தேய்ந்த கரண்டியைப் பெரும்பாலும் அப்படியே விடச் சொல்வேன். மென்மையான துணியால் துடைத்து, ரப்பர் பட்டை போடாமல், கம்பளித் துணிக்குள் வையுங்கள். ரப்பரில் உள்ள கந்தகம் பட்டை சுற்றிய இடத்தில் கறுப்புக் கோடு போட்டுவிடும், அதை எடுக்கத் தேய்த்தால் முலாமும் கூடவே வரும். பென்சிலால் எடுத்த தாளையும் முத்திரையின் படத்தையும் அதே பெட்டியில் மூடிக்கு அடியில் போட்டுவையுங்கள்.